வேலியில் முப்பத்தொன்று

கையெழுத்து கேட்பது பிச்சை கேட்பதைவிடக் கஷ்டம். பிச்சை கேட்பவரிடம் யாரும் "எதுக்கு?" என்று விசாரிப்பதில்லை. என்னிடம் விசாரித்தார்கள். கார்வர் ஃபால்ஸ் பேஸ்பால் மைதானத்தின் வாசலில், கழுத்தில் தொங்கும் அட்டையும் நூலில் கட்டிய பேனாவுமாக இரண்டு கோடைக்காலம் நின்றேன். அட்டையில் பெரிதாக எழுதியிருந்தேன்: "ஆர்லோ பிக்கெட். 31-ஐ வேலியில் ஏற்றுங்கள்."

எங்கள் ஹெரான்ஸ் அணியில் யாராவது பெரிய ஆளாகிவிட்டால் அவர் சட்டை எண்ணை மைதானத்தின் கோடியில் உள்ள பச்சை வேலியில் எழுதிவைப்பார்கள். அதற்குப் பிறகு அந்த எண்ணை வேறு யாரும் போடக் கூடாது. அப்போது வேலியில் மூன்று எண்கள் இருந்தன. இரண்டு பேர் பெரிய லீகுக்குப் போய்ப் பெயர் வாங்கியவர்கள். மூன்றாமவர் பழைய முதலாளியின் மச்சான். அவர் என்ன சாதித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

ஆர்லோ எங்கள் கேட்சர். மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் வேலை. பதினொரு வருஷம் எங்கள் ஊரிலேயே குத்தவைத்திருந்தார். மற்றவர்களுக்கெல்லாம் எங்கள் ஊர் பஸ் மாறும் இடம். ஒரு வருஷம் இருப்பார்கள், மேலே போவார்கள், அல்லது வீட்டுக்குப் போவார்கள். ஆர்லோவைப் பெரிய லீக் ஒரே ஒரு முறை கூப்பிட்டது. ஒன்பது நாள் அங்கே பெஞ்சில் உட்காரவைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்தவர் மறுநாளே பழைய இடத்தில் குத்தவைத்தார். அன்று ஊரே எழுந்து நின்று கைதட்டியது.

அவர் பிரமாதமான ஆட்டக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். பத்து முறை மட்டை பிடித்தால் இரண்டு முறை அடிப்பார், காற்று சாதகமாக இருந்தால் மூன்று. பந்து நேராக வானத்துக்கு எழும்பினால் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, பந்து விழப்போகும் இடத்துக்கு எதிர்த்திசையில் கர்ம சிரத்தையாக ஓடுவார். "ஆர்லோ, இந்தப் பக்கம்!" என்று கூட்டம் மொத்தமும் கத்தும். அப்படி ஒரு செல்லம் அவருக்கு.

நான் மைதானத்துக்குப் போக ஆரம்பித்தது 1990-இல். அந்த மார்ச் மாதம் என் கணவர் லியான், பல் டாக்டரிடம் வேலைபார்த்த ஒரு பெண்ணோடு அரிசோனாவுக்குப் போய்விட்டார். பல் சுத்தம் செய்துகொள்ள அத்தனை தடவை எதற்குப் போகிறார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அவர் போன பிறகு வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும்தான். அதற்குப் பயந்துதான் ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கினேன். ஒன்பதாம் பகுதி, நான்காம் வரிசை, முதல் நாற்காலி. ஓடுகிறவர்கள் தொட்டுப்போகும் மூன்றாம் பேஸுக்கு நேர் பின்னால்.

முதல் நாளே அது நடந்தது. ஆர்லோ மட்டையோடு வந்து நின்றார். என் பக்கம் திரும்பினார். ஹெல்மெட்டின் நுனியை இரண்டு விரலால் தொட்டார். ஒரு சின்ன மரியாதை, அவ்வளவுதான். பிறகு திரும்பிப் பந்துக்குக் காத்திருந்தார்.

தபால் ஆபீசில் பகல் முழுக்க அடுத்தவர் கடிதங்களைப் பிரித்து அடுக்குகிறவள் நான். என் பெயருக்கு ஒன்றும் வராது. அன்று வந்த மாதிரி இருந்தது.

நான் முட்டாள் இல்லை. மூன்றாம் பேஸ் பக்கம் பயிற்சியாளர் நிற்பார், மட்டை பிடிப்பவனுக்குச் சைகை காட்டுவார், "புரிந்தது" என்பதற்கு அவன் ஹெல்மெட்டைத் தொடுவான் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பயிற்சியாளர் லூ பாஸ்கோ எனக்கு நேர் முன்னால்தான் நிற்பார். அவருடைய முதுகைப் பார்த்தே சைகையெல்லாம் பாடமாகிவிட்டது. காதைத் தொட்டு இடுப்பு வாரைத் தொட்டால், அடிக்காதே, பந்தை மெல்லத் தட்டிவிடு என்று அர்த்தம். ஆனால் ஒன்று. லூ சும்மா சூயிங்கம் மென்றுகொண்டு நிற்கும்போதும் ஆர்லோ ஹெல்மெட்டைத் தொட்டார். யாரும் ஒன்றும் சொல்லாதபோது யாருக்குப் பதில்? லூவுக்குப் பின்னால் யார் இருந்தார்கள்? என் இரண்டு பக்கமும் நாற்காலிகள் பெரும்பாலும் காலி.

ஒன்பது கோடைக்காலம் அதை நம்பி வாழ்ந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வாழ்ந்தேன்.

1993 செப்டம்பரில் நடந்த கடைசி ஆட்டம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். கோப்பைக்கு ஒரு ரன் வேண்டும். ஒருவன் இரண்டாம் பேஸில் நிற்கிறான். ஆர்லோ மட்டை பிடிக்க வருகிறார். லூ காதைத் தொட்டார், வாரைத் தொட்டார். தட்டிவிடச் சொல்கிறார்! எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை, எழுந்து நின்று, வாழ்நாளில் கத்தாத கத்தலாகக் கத்தினேன்: "அடி ஆர்லோ! ஓங்கி அடி!"

அவர் என் பக்கம் பார்த்தார். ஹெல்மெட் நுனியைத் தொட்டார். அடுத்த பந்தை வேலிக்கு அப்பால், கார் நிறுத்துமிடத்துக்கு அடித்தார்.

பயிற்சியாளர் பேச்சை மீறி அடித்த வீரன் என்று ஊர் கொண்டாடியது. எனக்குத்தான் தெரியும், அவர் யார் பேச்சைக் கேட்டார் என்று. அதை யாரிடமும் சொன்னதில்லை. அவரிடமும் கேட்டதில்லை. வேலியோரம் ஆட்டோகிராஃபுக்கு நிற்பவர்களெல்லாம் அரையாள் உயரம், அங்கே போய் நாற்பத்தோரு வயதுக்காரி நிற்பதா என்று ஒரு காரணம். அவர் வேறு ஏதாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பது இன்னொரு காரணம். 1999-இல் அவர் ஓய்வு பெற்று இண்டியானாவுக்குப் போய்விட்டார். நான் மட்டும் அதே நாற்காலிக்குத் தொடர்ந்து போனேன். மைதானத்திலிருந்து யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

நானும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் தைரியம் வந்தது. எண் வேலியில் ஏறினால் அவரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் வருவார். வந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: அந்தக் கை எனக்குத்தானே? கழுத்தில் தொங்கிய அட்டை, வாரம் தவறாமல் திங்கட்கிழமை காலையில் அணி அலுவலகத்துக்கு எழுதிய கடிதங்கள், எல்லாம் அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

அணியின் விளம்பரப் பிரிவில் இருந்த கொரின் நல்ல பெண். என் கடிதங்களை ஒரு பெட்டியில் போட்டுவைத்திருந்தாள்.

"வெர்னா, அவரோட சராசரியப் பாத்தீங்களா? இத வச்சு மேல எப்படி பேசறது நான்?"

"அந்த மச்சானோட சராசரிய பாத்தியா நீ?"

சிரித்துவிட்டாள். "சரி. ரெண்டாயிரம் கையெழுத்து கொண்டாங்க. அப்புறம் என்னால ஏதாச்சும் பண்ண முடியுமான்னு பாக்கறேன்."

என்னைக் கழற்றிவிடத்தான் அப்படிச் சொன்னாள். ஆனால் முப்பத்திரண்டு வருஷம் தபால் ஆபீசில் குப்பை கொட்டியவளிடம் எண்ணிக்கை சொல்லிப் பயமுறுத்த முடியாது. நின்றேன். சிலர் தங்கள் நாய் பெயரை எழுதினார்கள். ஒருவன் என் தொலைபேசி எண்ணைக் கேட்டான், பிறகு கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றான். நிறையப் பேர் கையெழுத்துப் போடாமல் ஆர்லோவைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசிவிட்டுப் போனார்கள். அதையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பல வாரங்களில் நான் மனிதரோடு பேசியதே அவ்வளவுதான்.

வறுத்த வேர்க்கடலை விற்கும் டட்ச் தினமும் என்னைக் கடந்து போவார். எழுபது வயது, வாய்க்கு இருபது.

"என்ன மகாராணி, இன்னிக்கு எத்தனை?"

"பதினேழு."

"அதுல நாய் எத்தனை?"

"ரெண்டு. உன்னோட சேத்தா மூணு."

இரண்டாவது கோடைக்காலத்தின் கடைசியில் கொரினின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு. அவள் கட்டைப் புரட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். யாராவது என்னைக் கட்டிக்கொண்டு எத்தனை காலமாயிற்று என்று அப்போதுதான் நினைத்துப்பார்த்தேன். கைகளை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

அடுத்த ஆகஸ்டில், எண்ணை வேலியில் ஏற்றும் விழாவுக்கு ஒரு ஞாயிறு குறித்தார்கள். முதலில் வரும் ஆயிரம் பேருக்கு ஆர்லோ உருவத்தில் தலையாட்டி பொம்மை இலவசம். எந்த மாதிரி நிற்கவேண்டும் என்று கொரின் என்னைத்தான் கேட்டாள்.

"ஹெல்மெட்டைத் தொட்ட மாதிரி," என்றேன். யோசிக்கவே இல்லை.

"முகமூடியோட வேண்டாமா? கேட்சராச்சே!"

"ஹெல்மெட் நுனியில ரெண்டு விரல். இல்லேன்னா பொம்மையே வேண்டாம்."

பொம்மை வந்தது. நான் சொன்னபடியே கை ஹெல்மெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்டதோடு நிற்காமல் ஒட்டியும் இருந்தது. கை பிடித்துக்கொண்டதால் தலை ஆடவில்லை. ஆயிரம் பொம்மையும் அப்படித்தான்.

"உலகத்துலேயே மொத தடவை, தலையாட்டாத தலையாட்டி பொம்மை!" என்று டட்ச் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உன்ன மாதிரியே இருக்கு மகாராணி. எதுக்கும் சரின்னு சொல்லாது."

விழா ஒன்றரை மணிக்கு. இருபது வருஷத்துக்குப் பிறகு ஆர்லோ மைதானத்துக்குள் நடந்து வந்தார். தொப்பை போட்டிருந்தது. மூக்கின் மேல் தடிமனான கண்ணாடி. வேலியை மூடியிருந்த துணியை இழுத்தார்கள், 31 தெரிந்தது, கூட்டம் எழுந்தது. மைக்கைப் பிடித்து, "இதுக்கு நான் என்ன செஞ்சேன்னு தெரியல. ஆனா ரொம்ப நன்றி," என்றார். அவ்வளவுதான் பேச்சு.

நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். புது நீல உடை, உதட்டுச்சாயம். இப்போது திரும்புவார், இப்போது தொடுவார் என்று காத்திருந்தேன். அவர் எல்லாப் பக்கமும் பொதுவாகக் கையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு நடந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தது. சாயங்கால வெயில் காலி நாற்காலிகள் மேல் கிடந்தது. அப்போது கொரின் அவரைப் படிகளில் கூட்டிக்கொண்டு வந்தாள். "ஆர்லோ, இவங்கதான் வெர்னா ஹொலுபெக். எல்லாம் இவங்க பண்ணினதுதான்," என்று சொல்லிவிட்டு, புத்திசாலிப் பெண், வேலை இருப்பதாகப் போய்விட்டாள்.

அவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் ஒரு பொம்மை.

"ரெண்டு வருஷம் வாசல்ல நின்னீங்களாமே. என் பொண்டாட்டிகூட எனக்காக அவ்வளவு நேரம் எங்கயும் நின்னதில்ல." பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கையை இப்படி வைக்கச் சொன்னது நீங்கதானாம்?"

"நீங்க எப்பவும் செய்வீங்களே." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அதைக் கவனிச்சீங்களா!" தொடையில் தட்டிச் சிரித்தார். "அது பெரிய திருட்டுத்தனம்ங்க. எனக்குக் கிட்டப்பார்வை. பந்து பக்கத்துல வந்தா தெரியும். மூணாம் பேஸ்ல லூ நிக்கிறானா, கம்பம் நிக்கிறதான்னுகூடத் தெரியாது. வானத்துல போன பந்து? சுத்தம்! லென்ஸ் போட்டா கண்ணு தண்ணியா ஊத்தும். கண்ணாடி போட்டா மேல எவன் கூப்பிடுவான்னு பயம். டாக்டர் சுவத்துல மாட்டியிருந்த எழுத்தையெல்லாம் மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சேன். லூ சைகை காட்டினானா இல்லையான்னே தெரியாது. எதுக்கும் இருக்கட்டும்னு ஒவ்வொரு தடவையும் ஹெல்மெட்டைத் தொட்டு வைப்பேன்."

என் கேள்விக்கு நான் கேட்காமலே பதில் வந்துவிட்டது. லூ சும்மா நின்றபோதும் அவர் ஏன் தொட்டார் என்பதற்கும் சேர்த்து. ஒன்பது கோடைக்காலம் நான் தலைவாரிக்கொண்டு போய் உட்கார்ந்த இடத்தில் அவருக்குத் தெரிந்தது ஒரு மங்கல். புது உடை இடுப்பில் பிடித்தது.

"இங்கதான் உக்காருவீங்களா?" என்றார்.

"இங்கதான்."

"அப்ப லூவுக்குப் பின்னாடிதான். தொண்ணூத்திமூணு கடைசி ஆட்டத்துக்கு இருந்தீங்களா?"

தலையாட்டினேன்.

"அன்னிக்கு நான் பேச்சை மீறி அடிச்சேன்னு சொல்றாங்க. அதுவும் பொய்யி. அவன் தட்டச் சொன்னது எனக்கெங்க தெரிஞ்சுது? ஆனா 'அடி ஆர்லோ, ஓங்கி அடி'ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு, இந்தப் பக்கத்துலேருந்து. லூ கத்தறான்னு நெனச்சேன். அவனுக்குக் கீச்சுக்குரல், ஞாபகம் இருக்கா? சரிடான்னு தொட்டுட்டு அடிச்சேன். சாகிற வரைக்கும் 'நான் கத்தவே இல்லடா'ன்னே சொன்னான் கிழவன். ரொம்ப அடக்கம்."

ஒரு கையால் பிடுங்கிக்கொண்டு மறு கையால் கொடுத்த மாதிரி இருந்தது.

"அது லூ இல்ல," என்றேன். "நான்."

"என்னது?"

"கத்தினது நான். இந்த நாற்காலியிலேருந்து."

ஆர்லோ கண்ணாடியைக் கழற்றினார், சட்டையில் துடைத்தார், போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். முதல் முறையாக. பக்கத்தில் இருந்ததால் தெரிந்திருப்பேன்.

"நிஜமாவா?" பிறகு கண்ணை மூடிக்கொண்டார். "எங்க, ஒரு தடவை கத்துங்க."

எழுந்து நின்றேன். அறுபத்தேழு வயது. லியான் போனதிலிருந்து பிடித்த சிகரெட் எல்லாம் அந்தத் தொண்டையில்தான் இருந்தது. காலி மைதானத்தைப் பார்த்து, மூச்சை இழுத்துப் பிடித்துக் கத்தினேன்: "அடி ஆர்லோ! ஓங்கி அடி!"

பழைய கதவு திறந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. நான்கு வரிசை தள்ளி இருந்த புறாகூடப் பறக்கவில்லை. கடலைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த டட்ச் கீழேயிருந்து பதில் குரல் கொடுத்தார்: "மகாராணி, ஆட்டம் முடிஞ்சு அரைமணி ஆச்சு!"

ஆர்லோ கண்ணைத் திறக்கவில்லை. நினைவில் தேடுகிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. கிடைக்கவில்லை என்பதும் தெரிந்தது.

"இருக்கலாம்," என்றார்.

மிகவும் கனிவாகச் சொன்னார். வயதானவர்களிடம் பேசுகிற கனிவு. இல்லை என்றே சொல்லியிருக்கலாம், சண்டையாவது போட்டிருப்பேன். பொம்மையின் அடியில் "வெர்னாவுக்கு, நன்றியுடன், ஆர்லோ, 31" என்று எழுதிக் கொடுத்தார். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். விடிந்தால் ஸ்கூல் பஸ் ஓட்ட வேண்டும், இண்டியானாவுக்கு ஆறு மணி நேரம் என்றார். படிகளைப் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனார். திரும்பவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. பழக்கதோஷம், காபி போட்டதும் காகிதத்தை எடுத்து வைத்துவிட்டேன். அணிக்கு எழுத இனி ஒன்றும் இல்லை. எண் வேலியில் இருக்கிறது, நினைத்தது முடிந்தது. ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. மேசையின் எதிர்ப்பக்கம் பொம்மை, விரலை ஹெல்மெட்டில் வைத்தபடி, என் தோளுக்கு அப்பால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதை என் நாற்காலி பக்கமாகத் திருப்பி வைத்தேன். அந்தக் கை எனக்கில்லை என்று தெரிந்தேதான் திருப்பினேன்.

ஆனால் அந்தச் சத்தம் என்னுடையது. அந்த ஹோம் ரன்னில், கார் நிறுத்துமிடத்தில் போய் விழுந்த பந்தில், ஊர் இன்றும் பேசும் அந்த ஞாயிற்றுக்கிழமையில் நான் இருந்தேன். அவர் காதுக்குள் போயிருந்தேன். அதை லூவுக்குக் கொடுக்க நான் தயாரில்லை, செத்துப்போனவராக இருந்தாலும்.

பேனாவைத் திறந்தேன். "அன்புள்ள ஆர்லோ," என்று தொடங்கினேன். மற்ற கடிதங்கள் மாதிரி நீளமாக வரவில்லை. ஒரே வரி.

"இருக்கலாம் இல்லை. நான்தான்."

கீழே வெர்னா என்று கையெழுத்துப் போட்டு, தபால்தலை ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். இண்டியானாவுக்கு மூன்று நாள் ஆகும். பதிலுக்கு மூன்று. அடுத்த திங்களிலிருந்து தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறேன்.